நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்

பெல் க்ரீக்
அக்டோபர் 19, 2011

அன்புள்ள தம்பி ஆர்மண்டுக்கு,

அக்கா லோரெய்ன் எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தானும் உடம்பளவில் சுகம். மற்றதை இனிமேல்தான் எழுத வேண்டும். மூன்று முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. வேலையில் இருந்திருப்பாய். கடிதம் என்றால் உனக்கு நேரம் கிடைக்கும்போது படித்துக்கொள்வாய் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் வீட்டுச் செய்தி. இந்தப் பக்கம் இன்னும் மழை இல்லை. அப்பாவின் பண்ணையை வாங்கியவர்கள் பால் கறக்கும் கொட்டகையை இடித்துவிட்டுக் குதிரை லாயம் கட்டுகிறார்கள். தீவனக் கடையில் எனக்கு இது பதினோராவது வருஷம். ஃபிலோமினா அத்தைக்குக் கை மறுபடியும் வீங்கிவிட்டது. இரண்டு மூன்று வருஷமாக நன்றாக மாவு பிசைந்துகொண்டிருந்தவள், இந்த வாரம் காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறாள். கேட்டால் குளிர் ஆரம்பித்துவிட்டது என்கிறாள். எங்கே ஆரம்பித்தது? நான் இன்னும் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் தூங்குகிறேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். போன வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஐரிஸ் ஹால்வர்சனின் தோட்டத்தில் மத்திய அரசு ஆட்கள் இறங்கினார்கள். ஐரிஸை உனக்குத் தெரியாது. நீ ஊரைவிட்டுப் போன பிறகு வந்தவள். இருபது வருஷம் பள்ளிக்கூட பஸ்களுக்கு ரிப்பேர் பார்த்தாள். இப்போது அறுபத்தொரு வயது.

நீ எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதனால் உன் அத்தான் வெண்டலின் திட்டம் பற்றிப் பேப்பரில் வந்ததுதான் உனக்குத் தெரிந்திருக்கும். மத்திய சட்டப்படி குற்றம்தான் என்றாலும், டாக்டர் சீட்டு இருந்தால் நோயாளி கஞ்சா வைத்துக்கொள்ளலாம் என்று நம் மாநிலத்தில் சட்டம் வந்து பதினைந்து வருஷமாகிறது. ஆனால் யார் வளர்ப்பது, எவ்வளவு வளர்ப்பது, யார் பார்ப்பது என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. இரண்டரை வருஷம் முன்னால் ஷெரீஃப் அந்த வேலையை நம் கவுண்டி அளவிலாவது செய்து பார்க்கலாம் என்று உன் அத்தானிடம் கொடுத்தார். வளர்ப்பவர்கள் வந்து பெயர் கொடுக்க வேண்டும். யார் யாருக்காக வளர்க்கிறார்கள் என்று நோயாளிகளின் பெயரையும் கொடுக்க வேண்டும். ஒரு தோட்டத்துக்குத் தொண்ணூற்றொன்பது செடிதான். வெண்டல் நேரில் போய், ஒவ்வொரு தண்டிலும் எண் போட்ட பிளாஸ்டிக் பட்டியைக் கட்டிவிட்டு வருவார். கல்யாணமான புதிதில் நீ அவருக்கு 'அடி ஸ்கேல்' என்று பெயர் வைத்தாயே, அந்த மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உலகத்தில் கிடையாது.

கடையில் உட்கார்ந்து நான் பார்த்த மாற்றத்தைச் சொல்கிறேன். முன்பெல்லாம் தக்காளி போடுகிறேன் என்று சொல்லி ஆளுக்கு நாற்பது மூட்டை மண் வாங்கிப் போவார்கள். இந்தச் சின்ன ஊர் அவ்வளவு தக்காளி தின்றால் எல்லாருக்கும் வயிறு புளித்திருக்கும். பட்டி வந்த பிறகு, மூட்டை எதற்கு என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லி வாங்கினார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் துப்பாக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் அதை உள்ளே வைத்துவிட்டார்கள்.

முதன்முதலில் வந்து பெயர் கொடுத்தவள் ஐரிஸ். ஒன்றாம் எண் பட்டி அவளுடையது. அவள் தோட்டத்தில்தான் இறங்கினார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி வெண்டல் ஓடினார். கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் முகத்தை மூடியிருந்தார்கள். ஒரு போலீஸ் சார்ஜென்ட், சொந்த ஊரில், தானே பரிசோதித்த தோட்டத்தின் வாசலில், சீருடையோடு நாலு மணி நேரம் வெளியே நின்றார். ஐரிஸைக் கைவிலங்கு போட்டு ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார வைத்திருந்தார்கள். தொண்ணூற்றொன்பது செடியும் போயிற்று. யாரையும் கைது செய்யவில்லை. ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அவர்கள் போன பிறகு ஐரிஸ் இவருக்குக் காபி போட்டுக் கொடுத்தாளாம். "சார்ஜென்ட், நீங்க கட்டின பட்டியை மட்டும் ஒண்ணொண்ணா கத்தரிச்சு எடுத்து ஒரு கவர்ல போட்டாங்க. செடியைக்கூட அவ்வளவு மரியாதையா எடுக்கல" என்றாளாம். திட்டியிருந்தால் தேவலாம் என்கிறார் உன் அத்தான். வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "அவ மறைவா பயந்துக்கிட்டு இருந்தா. பேர் குடுத்தா பாதுகாப்புன்னு சொல்லி வெளிச்சத்துக்குக் கூட்டிட்டு வந்தது நான்தான். வெளிச்சத்துல நின்னவளைத்தான் குறி பார்த்திருக்காங்க" என்றார். இருபத்தொன்பது வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

உன் வேலையைப் பற்றி நான் என்றைக்கும் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. வேளைக்குச் சாப்பிடு. நேரம் கிடைத்தால் போன் செய்.

என்றும் உன் நலம் நாடும்
அக்கா லோரெய்ன்


பெல் க்ரீக்
ஜனவரி 29, 2012

அன்புத் தம்பிக்கு,

உன் கிறிஸ்துமஸ் அட்டை வந்தது. கீழே உன் பெயர் மட்டும் இருந்தது. பெயராவது இருந்ததே என்று அத்தை அதை அடுப்பு மாடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறாள். அவள் கை இன்னும் சரியில்லை. இந்த வருஷம் இனிப்பு ரொட்டிக்கு நான் மாவு பிசைய, அவள் பக்கத்தில் நின்று அதிகாரம் செய்தாள். ரொட்டி செங்கல் மாதிரி வந்தது. "உங்கப்பன் பண்ணைக்கு இதால சுவர் எழுப்பியிருக்கலாம்" என்றாள். இருந்தாலும் எல்லாரும் தின்றோம்.

புது வருஷம் பிறந்த இரண்டாவது வாரம் மத்திய நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தது. திட்டத்தின் எல்லாக் காகிதமும் வேண்டுமாம். தோட்டம், எண், வரைபடம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பெயர்கள். வளர்ப்பவர்கள், நோயாளிகள் எல்லாமாக நூற்றுப் பன்னிரண்டு பேர். அது வந்த நாலாம் நாள், இந்தத் திட்டம் நடத்தினால் கவுண்டி அதிகாரிகள் மீதே வழக்கு வரலாம் என்று ஒரு கடிதமும் வந்தது. கவுண்டி நிர்வாகக் குழு அன்றே கூடித் திட்டத்தை மூடிவிட்டது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது.

ஷெரீஃப் இவரைக் கூப்பிட்டு, "வெண்டல், குடுத்துட்டு நிம்மதியா இருப்பா. ரிட்டயராக ரெண்டு வருஷம்தான் இருக்கு" என்றாராம். இவர், "எண்ணைக் கேட்டா எண்ணைத் தர்றேன். தோட்டத்தைக் கேட்டா வழி காட்டறேன். பேரைத் தர மாட்டேன். பேரை அவங்க கவுண்டிக்குக் குடுக்கல சார், எனக்குக் குடுத்தாங்க" என்றாராம். கவுண்டி வக்கீல் தன்னால் முடிந்தவரை நீதிமன்றத்தில் இழுத்துப் பார்க்கிறார். நீதிபதி கொடு என்று உத்தரவு போட்டு, அப்போதும் கொடுக்காவிட்டால் அவமதிப்புக்கு உள்ளே போக வேண்டியதுதான். பென்ஷன் என்னவாகும் என்று யாருக்கும் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், படுக்கை அறையில் ஒரு சின்னப் பெட்டி. பல் துலக்கும் பிரஷ், படிக்கிற கண்ணாடி, இரண்டு பனியன், ரத்த அழுத்த மாத்திரை. எல்லாம் ஓரம் சேர்த்து அடுக்கியிருந்தது. எதற்கு என்று நான் கேட்கவில்லை. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி எடுத்து நானே உள்ளே வைத்து மூடினேன். அந்த நிமிஷம் எனக்கு அழுகை வரவில்லை, தம்பி. இந்த மனிதரை இவ்வளவு நாளாகச் சரியாகப் பார்க்காமல் இருந்துவிட்டோமே என்றுதான் தோன்றியது. சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொள்கிற, சாலட்டில் தக்காளித் துண்டை எண்ணி வைக்கிற ஒருவரைப் பார்த்து யாருக்கு வீரம் என்ற சொல் ஞாபகம் வரும்?

அந்தப் பட்டியலில் யார் யார் என்று எனக்கும் தெரியாது. அவர் சொன்னதில்லை. ஆனால் கடையில் தெரிந்துவிடுகிறது. பத்து வருஷமாக வருகிறவர்கள் சில பேர் இப்போது உள்ளே வந்ததும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். கொடுத்துவிட்டாரா என்று கேட்காமல் கேட்கிறார்கள். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். கோழித் தீவனம் வாங்கிக்கொண்டு போவார்கள்.

ஐரிஸ் என்ன செய்கிறாள் என்று கேள். மூலையில் உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். மாநிலம் முழுக்க ஒரே சட்டம், ஒரே வாரியம், அது கொடுக்கும் உரிமம், அது நடத்தும் சோதனை என்று செனட்டில் ஒரு மசோதா வந்திருக்கிறது. அதற்காக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஐந்து மணி நேரம் பஸ்ஸில் தலைநகர் சாக்ரமெண்டோவுக்குப் போகிறாள். செனட்டர்களின் அறை வாசலில் உட்கார்ந்திருப்பாள். நகத்துக்குள் இன்னும் கிரீஸ் கறுப்பு போகாத கை. நாலு வாரம் ஒருவரும் உள்ளே விடவில்லை. ஐந்தாவது வாரம், மசோதாவை எதிர்க்கிற ஒரு செனட்டரின் உதவியாளர் பெண் வண்டி கிளம்பாமல் கார் நிறுத்தும் இடத்தில் மழையில் நின்றிருக்கிறாள். ஐரிஸ் போய் பானெட்டைத் திறந்து பத்து நிமிஷத்தில் சரி செய்திருக்கிறாள். வண்டி கிளம்பியது. அடுத்த வாரம் அந்த அறைக் கதவும் திறந்தது.

இப்போது வெண்டலைச் சாட்சி சொல்ல வரச் சொல்கிறாள். எனக்குப் பேச வராது என்றார் இவர். "பேச வர்றவங்க அங்க நிறைய இருக்காங்க சார்ஜென்ட். எண்ணிப் பார்த்தவங்கதான் ஒருத்தரும் இல்லை" என்றாள் அவள். நேற்றிலிருந்து இவர் ஒரு காகிதத்தில் எதையோ எழுதுவதும் அடிப்பதுமாக இருக்கிறார்.

நீ இருக்கிற பக்கம் நின்று பார்த்தால் இதெல்லாம் வேறு மாதிரி தெரியும் என்று எனக்குத் தெரியும். நீயும் மத்திய சட்டத்துக்குக் கை தூக்கிச் சத்தியம் செய்தவன்தான். அதை நான் மறக்கவில்லை.

மாதா உன்னைக் காப்பாளாக.

அக்கா லோரெய்ன்


பெல் க்ரீக்
ஏப்ரல் 26, 2012

என் அன்புத் தம்பி ஆர்மண்டுக்கு,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்ந்து படி.

செவ்வாய்க்கிழமை செனட் குழு முன்னால் மசோதா விசாரணை. சீருடையில் போகக் கூடாது என்று ஷெரீஃப் சொல்லிவிட்டார். அதனால் உன் அத்தான் அப்பாவின் அடக்கத்துக்குப் போட்ட பழுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டார். நானும் கடைக்கு லீவு சொன்னேன். அத்தை தானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். சாக்ரமெண்டோவில் உனக்கு என்ன வேலை அத்தை என்றேன். "எனக்கு எழுபது வயசாச்சு. மாநில மாளிகையை நான் இன்னும் பார்த்ததில்லை. எப்பப் பார்க்கறது, செத்த பிறகா?" என்றாள். பின் சீட்டில் ஏற்றிக்கொண்டோம். வழியெல்லாம் தூங்கினாள்.

அறை நிறைய ஆட்கள். எங்கள் கவுண்டி முகங்கள் நிறையத் தெரிந்தன. வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். முதலில் எதிர்ப்பவர்கள் பேசினார்கள். மத்திய சட்டம் இருக்கும்போது மாநிலம் இதில் கை வைப்பது வீண் வம்பு என்றார்கள். பிள்ளைகள் கையில் கிடைத்துவிடும் என்று ஒரு அம்மா சொன்னாள். அவள் மகனுக்கு நடந்ததையும் சொன்னாள். பொய் சொல்லவில்லை அவள்.

பிறகு உன் அத்தான். காகிதத்தை விரித்தார், பார்த்தார், மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். பிறகு பேசினார், தம்பி. கூட்டிக் குறைக்காமல் எழுதுகிறேன்.

"நான் பத்து வருஷம் இந்தச் செடியை வெட்டினேன். ஹெலிகாப்டர்ல போய் வெட்டினோம். அடுத்த வருஷம் இன்னும் உள்ளே தள்ளி, இன்னும் பெரிசா போட்டாங்க. அப்புறம் ரெண்டரை வருஷம் எண்ணினேன். எண்ணின வருஷங்கள்லதான் ஓடைத் தண்ணியை யாரும் திருடல, யாரும் யாரையும் சுடல. ஆனா நான் கட்டின பட்டி எங்க கவுண்டிக்குள்ளதான் செல்லும். பாலத்தைத் தாண்டினா அதே நோயாளி, அதே மருந்து, குற்றவாளி ஆயிடறாங்க. இப்போ எங்க கவுண்டியிலயும் செல்லாது. இப்ப அந்தம்மா சொன்னாங்களே, அவங்க பையனுக்கு வித்தவன் என்கிட்ட பேர் குடுத்திருக்க மாட்டான். பேர் குடுக்கறவனுக்கும் குடுக்காதவனுக்கும் வித்தியாசம் தெரியற மாதிரி மாநிலம் முழுக்க ஒரு சட்டம் குடுங்க. இல்லைன்னா இனிமே எவனும் பேர் குடுக்க மாட்டான்."

ஒரு செனட்டர் கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு, அந்தப் பெயர்ப் பட்டியல் இப்போது எங்கே என்று கேட்டார். என் அலமாரியில் என்றார் இவர். நீதிமன்றம் கேட்டும் கொடுக்கவில்லையா என்றார். "இன்னும் இல்லை." இந்தக் குழு கேட்டால்? "உங்களுக்கும் தர மாட்டேன், ஐயா. மன்னிக்கணும்." பின்னால் யாரோ சிரித்தார்கள். செனட்டர் சிரிக்கவில்லை. தெரிந்தே ஒரு மத்திய சம்மனை மறுப்பதாகப் பதிவாகிறது, புரிகிறதா என்றார். "புரியுது. பெட்டி கட்டி வெச்சிருக்கேன்" என்றார் உன் அத்தான்.

அதற்குப் பிறகு அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. கருத்துச் சொல்ல வந்த பொதுமக்கள் வரிசையில் நின்று, ஒவ்வொருவராக மைக்கில் பெயர், ஊர், ஆதரவா எதிர்ப்பா, இவ்வளவுதான் சொல்லலாம். அதற்குமேல் ஒரு வார்த்தை சொன்னாலும் குழுத் தலைவி அம்மாள் நிறுத்திவிடுவாள். எல்லாம் பதிவாகும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.

முதலில் ஐரிஸ் போனாள். "ஐரிஸ் ஹால்வர்சன். பெல் க்ரீக். ஆதரவு." அவளுக்குப் பின்னால் எங்கள் கடைக்கு வருகிற கோழிப் பண்ணைக்காரர். அவருக்குப் பின்னால் மாதா கோவிலில் ஆர்கன் வாசிக்கிறவர். பிறகு சக்கர நாற்காலியில் ஒருவர். அவர் பெயர் சொல்லவே அரை நிமிஷம் ஆயிற்று, அந்தத் தலைவி அவசரப்படுத்தவில்லை. நாலைந்து பேர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. வெண்டலைப் பார்த்தேன். முகம் வெளுத்துவிட்டது. வருகிற ஒவ்வொருவரும் அவர் அலமாரியில் இருப்பவர்கள். மூன்று மாதமாக அவர் யாருக்காக வாயைத் திறக்கவில்லையோ, அவர்களே வந்து, மைக்கில், தங்கள் வாயால் சொல்கிறார்கள். ஐரிஸ்தான் வீடு வீடாகப் போய்ப் பேசியிருக்கிறாள். சார்ஜென்டை மட்டும் தனியாக ஜெயிலுக்குப் போக விடலாமா என்று கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான் கேட்டாளாம். முப்பத்தெட்டுப் பேர் வந்திருந்தார்கள்.

என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். வரிசையில் நம் அத்தை நிற்கிறாள்.

கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு மைக்குக்குப் போனாள். "ஃபிலோமினா அவீலா. பெல் க்ரீக். ஆதரவு" என்றாள். அதோடு விட்டாளா? "வலியைக் காட்டணும்னா கையை நீட்டறேன், பாருங்க" என்று இரண்டு கையையும் நீட்டினாள். தலைவி, அம்மா, பெயரும் ஊரும் மட்டும் போதும் என்றாள். "சரி, அப்போ ஆதரவுன்னு ரெண்டு தடவை எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அறையே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வியாழக்கிழமைகளில் ஐரிஸ் வீட்டுக்குச் சீட்டாடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவாள். சீட்டும் ஆடியிருக்கிறாள். கூடவே அந்தச் செடியிலிருந்து எடுத்த எண்ணெய்த் துளியையும் கைக்குத் தடவுகிற மருந்தையும் வாங்கி வந்திருக்கிறாள். அக்டோபரோடு அது நின்றுவிட்டது. குளிர், குளிர் என்று அவள் சொன்னது இதைத்தான்.

மசோதா அந்தக் குழுவில் ஒரே ஓட்டில் தேறியது. எந்த செனட்டரின் உதவியாளருக்கு ஐரிஸ் வண்டி சரி செய்தாளோ, அவர் எதிர்த்து ஓட்டுப் போடாமல் எழுந்து வெளியே போய்விட்டார். அதனால்தான் தேறியது. எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வெண்டலைக் காணவில்லை. தேடினால், தாழ்வாரத்தில் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். "மூணு மாசமா பொத்தி வெச்சதை ரெண்டு நிமிஷத்துல கொட்டிட்டாங்களே, லோரெய்ன். இவங்களுக்குப் புத்தி இருக்கா?" என்றார். கோபமாகத்தான் சொன்னார். கண் மட்டும் வேறு மாதிரி இருந்தது.

திரும்பி வரும் வழியில் அத்தை மறுபடி தூங்கிவிட்டாள். நான் மெதுவாகக் கேட்டேன். அத்தை விஷயம் உங்களுக்கு எத்தனை நாளாகத் தெரியும்? "ஆரம்பத்துலேர்ந்து." என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே? "நீ பட்டியல்ல இல்லையே" என்றார். பத்து மைல் தாண்டித்தான் எனக்குக் கோபம் இறங்கியது. பிறகு சிரித்துவிட்டேன்.

அத்தையின் பெயர் இப்போது மாநிலத்தின் பதிவில் இருக்கிறது. உன் துறையில் யாராவது அதைப் படிக்கலாம். மற்றவர் வாயிலிருந்து தெரிவதைவிட என்னிடமிருந்து நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் உடனே எழுதினேன். எழுதட்டுமா என்று அவளைக் கேட்டேன். "எழுது. என் கை எப்படி இருக்குன்னும் எழுது" என்றாள்.

ஆண்டவர் உனக்கு நல்ல புத்தியும் நல்ல தூக்கமும் தரட்டும்.

உன் அக்கா
லோரெய்ன்


பெல் க்ரீக்
செப்டம்பர் 30, 2012

அன்புத் தம்பி,

நேற்று நீ போன் செய்தது சந்தோஷம். ஏறக்குறைய ஒரு வருஷத்துக்குப் பிறகு உன் குரலைக் கேட்டேன். மூன்று நிமிஷத்தில் வைத்துவிட்டாய். அதனால் அப்போது சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

மசோதா செத்துவிட்டது. ஆகஸ்டில் மறு சபையில் ஓட்டுக்கே எடுக்கவில்லை. ஐரிஸ் அன்று ஒரு நாள் படுத்திருந்தாள். அடுத்த செவ்வாய்க்கிழமை பஸ் ஏறிவிட்டாள். சபை மூடியிருக்கிறதே, யாரைப் பார்க்கப் போகிறாய் என்றேன். "ஆளில்லாதப்போ போனாத்தான் உட்கார இடம் கிடைக்கும்" என்றாள். அடுத்த வருஷத்துக்கு வேறு ஒரு செனட்டர் எழுதித் தருகிறேன் என்றிருக்கிறாராம். அவள்மீது இதுவரை வழக்கு ஏதும் போடவில்லை. போடமாட்டோம் என்றும் யாரும் சொல்லவில்லை. தோட்டத்தில் இப்போது நிஜமாகவே தக்காளிதான் போட்டிருக்கிறாள்.

சம்மன் ஒரு வழியாக முடிந்தது. பெயரையும் விலாசத்தையும் கறுப்பு மையால் அடித்துவிட்டு மற்றதைக் கொடுத்தால் போதும் என்று இரண்டு தரப்பு வக்கீல்களும் ஒப்புக்கொண்டார்கள். வெண்டல் மூன்று நாள் உட்கார்ந்து தன் கையாலேயே அடித்தார். மைக்கில் தாங்களே பெயர் சொன்ன முப்பத்தெட்டுப் பேரையும் சேர்த்துத்தான் அடித்தார். அவங்கதான் சொல்லிட்டாங்களே, அப்புறம் எதுக்கு என்று கேட்டதற்கு, "அவங்க சொன்னாங்க. நான் சொல்லல" என்றார். இப்போது அவரை கோர்ட் வாசலில் பைகளைச் சோதிக்கிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். மனிதர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேர் உள்ளே போகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு வருகிறார்.

அத்தைக்கு நூறு மைல் தள்ளி ஒரு இடத்தில் அந்த மருந்து கிடைக்கிறது. மாதம் ஒரு முறை நான் கூட்டிப் போகிறேன். கை கொஞ்சம் மடங்குகிறது.

இனி நேற்றைய போன். என் உடம்பைக் கேட்டாய், அத்தை கையைக் கேட்டாய், வைப்பதற்கு முன்னால், "அந்த ஐரிஸோட கிழ நாய் இன்னும் இருக்கா?" என்று கேட்டாய். இருக்கிறது என்றேன். நல்லது என்று சொல்லி வைத்துவிட்டாய்.

நான் உனக்கு எழுதிய எந்தக் கடிதத்திலும் அந்த நாயைப் பற்றி ஒரு சொல் இல்லை, ஆர்மண்ட்.

தோட்டத்தில் ஆட்கள் இறங்கிய அன்றே ஐரிஸ் எங்களிடம் சொன்னதை உனக்கு இதுவரை எழுதாமல் இருந்தேன். முகத்தை மூடியிருந்தவர்களில் ஒருவர் மட்டும், சத்தத்தில் நடுங்கிக்கொண்டிருந்த அந்தக் குருட்டு நாயை அவிழ்த்துப் போய் நிழலில் கட்டி, ஒரு சட்டியில் தண்ணீர் வைத்தாராம். அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் குந்தி உட்கார்ந்திருந்தாராம். உன் அத்தான் நின்ற கேட் பக்கம் மட்டும் திரும்பவே இல்லையாம். "நாய்க்குத் தண்ணி வெச்ச ஆள்" என்றுதான் இன்றைக்கும் சொல்லுவாள். அந்த ஆள்மேல் அவளுக்குக் கோபமில்லை.

வெண்டலிடம் சொல்லாமல் மறைக்க எனக்குத் தெரியவில்லை. அவரைப் போல என்னால் முடியாது. சொன்னேன். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். காலரை முடித்தார். பிறகு, "அன்னிக்கு அவன் அங்க இருந்தானான்னு நீயும் கேக்காதே, நானும் கேக்க மாட்டேன். யார் பேரையும் கேட்டு வாங்கறது நம்ம வழக்கம் இல்லை. வரச் சொல்லு" என்றார்.

நவம்பரில் நன்றித் திருநாளுக்கு வான்கோழி வைக்கிறோம். அத்தை இந்த முறை மாவைத் தானே பிசைவாளாம். ஐரிஸும் வருவாள், நாயையும் கூட்டி வருவாள். நீ வந்து உட்கார்ந்து சாப்பிட்டால் போதும். பேச வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பேசத் தோன்றினால் பேசு.

முடியாது என்றால் எழுத வேண்டாம். முடியும் என்றாலும் எழுத வேண்டாம். வந்துவிடு, கண்ணா.

உனக்காகத் தினமும் ஜெபிக்கிற
அக்கா லோரெய்ன்